ஓதக் கோடு

தடைக்காலத்தின் மூன்றாம் நாள்.
மூக்கையூரில் படகைக் கரையேற்றிவிட்டு
பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக வீட்டுக்கு வந்தேன்.
"பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று
தள்ளுவண்டியில் எட்டுக் குடம் அடுக்கி
ஊற்றுக்குப் போனாள் டெல்சி.

பார்த்துக்கொள்வதா, என்ன பெரிய வேலை.
கச்சான் புரட்டிய ராத்திரியில்
ஏழு பேர் உயிரைச் சுக்கானில் பிடித்தவன் நான்.
ஆர்லினுக்குப் பதினான்கு மாதம்.
எடை, நல்ல சீலா ஒன்று.

போன் வந்தது.
வாசலில் நின்று டீசல் மானியம் பற்றிப் பேசினேன்,
ஒரு பீடி நேரம்.

திரும்பினால்
பிரஷ் கழுவ ஆரஞ்சுக் கலர் பாட்டிலில்
நான் ஊற்றி வைத்த தின்னர்
தரையில் உருள்கிறது.
சட்டை நனைந்து நிற்கிறாள்.
என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
குடித்தாளா, கொட்டிக்கொண்டாளா,
ஒரு சொட்டா, ஒரு மடக்கா?
அவளிடம் இருப்பதே நாலு சொல்.
எதிலும் இதற்குப் பதில் இல்லை.

பக்கத்து வீட்டு இன்னாசி
உப்புக் கரைத்த சொம்போடு ஓடி வந்தான்.
"ஊத்துடா, வாந்தி எடுக்கட்டும்."
குடங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு வந்த டெல்சி
சொம்பைத் தட்டிவிட்டாள்.
"வாந்தி எடுக்க வைக்கக் கூடாது,
வெளிய வரும்போது நெஞ்சுக்குள்ள போயிரும்.
தடுப்பூசி போடயில நர்ஸ் அக்கா சொன்னாங்க.
சட்டையைக் கழத்து. பாட்டிலை எடு. வண்டியை எடு."

கல்யாணமான நாலு வருஷத்தில்
'ங்க' இல்லாமல் அவள் என்னிடம் பேசியது
அன்றைக்குத்தான்.

சாயல்குடி ஆஸ்பத்திரியில்
டாக்டர் பிள்ளையின் வாயை முகர்ந்தார்.
குழல் வைத்துக் கேட்டார்.
திட்டவில்லை.
பாட்டிலைத் தூக்கிக் காட்டி,
"அவளுக்கு இது கலர்தானே" என்றார்.
ராத்திரி முழுக்க மூச்சைக் கவனிக்கச் சொன்னார்.

நிமிஷத்துக்கு முப்பது.
அப்புறம் முப்பத்திரண்டு.
அப்புறம் முப்பது.
ஏலக்கூடத்தில் என் மீனைக்கூட
நான் இப்படி எண்ணியதில்லை.

காலையில் அனுப்பினார்கள். பயமில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு
முட்டி போட்டேன்.
தவழ்ந்து போனால் அது வேறு கரை.
கட்டிலடியில் தூண்டில்முள் இரண்டு.
வலைக்கு வாங்கிய ஈயக்குண்டுகள்,
வாய்க்கு வாகான அளவில்.
ஆணியில் நைலான் சுருக்கு,
சரியாக ஒரு கழுத்து உயரத்தில்.
பின்பக்கம் வாளி, பாதித் தண்ணீரோடு.
பதினைந்து பாகம் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்தவன்
ஒரு சாண் தண்ணீருக்கு முன்னால்
எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன்.

டெல்சி வந்து பார்த்தாள்.
என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை.
"அடுப்புப் பக்கம் பாத்தியா?" என்றாள்.

படகுக்கு வாங்கிய நீலத்தில்
சுவர் நெடுகக் கோடு இழுத்தேன்,
ஆர்லின் எம்பிக் கை நீட்டும் உயரத்தில்.
அதற்குக் கீழே இனி எதுவும் இல்லை
சாமான் செட்டும் ஒரு பந்தும் தவிர.

மூன்று வாரத்தில் இரண்டு விரல் ஏறியது கோடு.
முக்காலியை இழுத்துப் போடப் பழகிய அன்று
ஒரேயடியாக ஒரு முழம்.
கடலில் ஏத்தம் என்றால் வத்தமும் உண்டு.
இந்த ஓதம் வற்றுவதில்லை.

ஜூன் பதினான்கு ராத்திரி ஐஸ் ஏற்றினோம்.
இன்னாசி மண்ணெண்ணெயைக்
கலர் பாட்டிலில் கொண்டுவந்தான்.
தகர டின்னுக்கு மாற்றிவிட்டு
பாட்டிலைக் கத்தியால் கிழித்தேன்.
"படகுல ஏதுடா பிள்ளை?" என்று சிரித்தான்.
பாட்டில் வீட்டுக்குத் திரும்பி வரும் என்று
அவனுக்குச் சொல்லவில்லை.

கரை விளக்கு மங்கும்போது டெல்சி கூப்பிட்டாள்.
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.
"சன்னல் கம்பி எட்டுது அவளுக்கு.
கோடு போடணும்,
பெயின்ட்டை எங்க வச்ச?"

"மேல" என்றேன்.
"ரொம்ப மேல."